ஏ மைனரும் ஐந்தாம் திருவிழாவும்

“அதை அங்கால வைச்சிட்டுக் கதை எண்டு சொல்லுறன்…”

“வைச்சாலும் நீங்கள் கேக்கப் போறேல்லை, பிறகு என்னத்துக்கு…”

“புறா ஒட்டின கிற்றாரை மடியில வைச்சுக்கொண்டு, நான் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறேல்லை எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்?”

“புறாவைச் சுரண்டியாச்சு அண்ணா. ஒரு செட்டை மட்டும்தான் மிச்சம்.”

“அந்தச் செட்டை காணும் அவைக்கு!”

சிவகரன் குசினி வாசலை மறித்துக்கொண்டு நின்றான். பரந்தனில் வேலை முடிந்து வந்தவன் இன்னும் ஹெல்மெற்றைக் கையில் இருந்து வைக்கவில்லை. தங்கை தேனுகா கதிரையில் இருந்தாள். இடதுகை விரல்கள் ஏ மைனர் பிடியில் அப்படியே இருந்தன. சண்டையிலும் அவள் பிடியை விடவில்லை. அதுதான் அவனுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

“நாளைக்கு வெள்ளிப் பூசை முடிய கோவிலில செல்வராசா அண்ணை சத்தியத்துக்குக் கற்பூரம் கொளுத்துவார். ‘ஜெபக்கூடத்து வாசல் நான் மிதிக்கேல்லை’ எண்டு சொல்லிப்போட்டு உள்ளங்கையால அணை. முடிஞ்சுது அலுவல். ஐஞ்சாம் திருவிழா எங்கட கையில நிக்கும். அப்பா நித்திரை கொள்ளுவார்.”

“நான் ஜெபம் பண்ணேல்லை எண்டு சொல்லுறன்.”

“அதை ஆர் உன்னட்டைக் கேட்டது?”

“அதுதானே உண்மை.”

“உண்மையைப் பிறகு வைச்சிரு. கோவிலில அவை கேக்கிறது வாசலை. வாசல் மிதிக்கேல்லை எண்டு சொல்லுறதில உனக்கென்ன குறைஞ்சுபோகும்?”

“மிதிச்சனான்.”

சிவகரன் ஹெல்மெற்றை மேசையில் வைத்தான்.

“என்ன சொன்னனி?”

“புதன்கிழமையளில போறனான். வேலை முடிய.”

“என்னத்துக்கு? பைபிள் படிக்கவோ?”

“இதைப் படிக்க.” அவள் கம்பிகளை ஒருமுறை மெல்லத் தட்டினாள். “நிருஷன் காட்டித் தாறவர்.”

“சைக்கிள் கடை நிருஷனோ? ஞாயிற்றுக்கிழமை அங்க வாசிக்கிறவன்? அவன்ர கடையில இருந்து பழகியிருக்கலாமே விசரி!”

“கடையிலயோ? நாலு பேர் ரியூப் ஒட்ட வந்து நிப்பினம். பொம்பிளைப் பிள்ளை ஒரு பெடியனோட கடைக்குள்ள இருக்கிறாள் எண்டு கதை வராதோ? ஜெபக்கூடமெண்டால் நாலு பக்கமும் திறந்து கிடக்கு. பாஸ்டரம்மா வாசலில இருந்து கீரை ஆயிறவா. ஒருத்தரும் ஒண்டும் கதைக்க ஏலாது எண்டு நினைச்சுத்தான் அங்க போனனான்.”

சிவகரனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகுதான் பயம் வந்தது.

“அப்பாவுக்குத் தெரியுமோ?”

“போனைப் பாத்துப் பழகுறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார்.”

“அந்த மனிசன் கோவில் கூட்டத்தில எழும்பி, ‘என்ர பிள்ளை கற்பூரம் அணைப்பாள்’ எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லிப்போட்டு வந்திருக்கிறார் தேனு. ஆரும் கேக்கேல்லை. அவராத்தான் சொன்னவர்.”

“தெரியும்.”

“தெரிஞ்சால் அணை. கற்பூரம் என்ன கமெராவே, பாத்துக்கொண்டிருக்க?”

“உங்களுக்கு அது கற்பூரம். அப்பாவுக்கு?”

சிவகரன் ஹெல்மெற்றைத் திரும்பவும் கையில் எடுத்தான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு திரும்பவும் வெளியே போனான்.

அந்தத் திருவிழா அவர்களுக்கு ஏன் அவ்வளவு பெரியது என்பது ஊருக்கும் தெரியும். அவர்களுடைய அம்மா கமலாசனி இறுதிப் போர்க்காலத்தில் கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு போனவர்; திரும்பி வரவில்லை. மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் எந்த நாளில் அவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை. முகாமால் திரும்பிவந்து, திவசம் கொடுக்கவேணும் என்று அவர்களுடைய அப்பா ஐயாத்துரை கேட்டபோது, ஐயர் திதி கேட்டார். ஐயாத்துரை, “திதி தெரியாது ஐயா. பிறந்த நட்சத்திரம் தெரியும், உத்திராடம்” என்றார்.

நட்சத்திரத்தை வைத்துத் திவசம் கொடுக்க முடியாது. ஆனால் திருவிழாச் சங்கற்பத்தில், அன்றைய செலவை ஏற்கும் உபயகாரரின் குடும்பத்தில் உள்ளவர்களின் பேரையும் நட்சத்திரத்தையும் ஐயர் சொல்லுவார். ஐந்தாம் திருவிழா ஐயாத்துரையின் தகப்பன் காலத்தில், குடியேற்றம் வந்த காலத்தில் இருந்தே அவர்களுடைய உபயம். அந்த வருடம் ஐயாத்துரை தன் பேர், பிள்ளைகளின் பேரோடு ‘கமலாசனி, உத்திராடம்’ என்றும் சொல்லிக் கொடுத்தார். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தான் அப்படிச் சொல்லுவது. ஐயர் அவரை ஒருமுறை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, சொன்னார். அன்று முதல் ஒவ்வொரு வருடமும் அந்த ஒரு இடத்தில், அந்த ஒரு நாளில், அந்தப் பேர் சத்தமாகக் கேட்கும்.

கிற்றார் அந்த வீட்டுக்கு வந்தது ஒரு ஒட்டுப்போட்ட ரியூப்பால். தேனுகா பரந்தன் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. ஒருநாள் சைக்கிள் காற்றுப் போய்விட்டது. உருட்டிக்கொண்டு நிருஷனின் கடைக்குப் போனாள். வேலை இல்லாத நேரம், அவன் கவிழ்த்த வாளியில் குந்தியபடி கிற்றாரில் எதையோ வாசித்துக்கொண்டிருந்தான்.

“அது என்ன பாட்டு தம்பி?”

“பாட்டில்லை அக்கா. ப்ளூஸ் எண்டு சொல்லுறது. இது கீழ ஓடுற அடி மட்டும்தான். பாட்டை நாங்கள்தான் மேல வைக்கவேணும்.”

“மேல ஒண்டும் வைக்காமலே நல்லாயிருக்கு.”

“அப்பிடியே விட்டால் அழுவாரைப்போல இருக்குமெண்டு எங்கட பாஸ்டர் சொல்லுறவர்.”

“ஒரு அழுகையையும் காணேல்லையே. நடந்து போறமாதிரியெல்லோ இருக்கு.”

நிருஷன் அவளை நிமிர்ந்து பார்த்தான். ஜெபக்கூடத்தின் பழைய கிற்றார் ஒன்று மூலையில் கிடந்தது, புறா ஒட்டினது. அது அவளிடம் வந்தது அப்படித்தான்.

போனில் பார்த்துப் பழகியபோது பிடிகள் வந்தன. ஏ மைனர், டி மைனர், பிறகு விரலை முறிக்கிற எஃப், அதில் இருந்து இறங்கி ஈ. பன்னிரண்டு தாளக் கட்டம் போய்த் திரும்ப வீட்டுக்கு வரும் வழி மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் நிருஷன் வாசித்தது போலக் கேட்கவில்லை. போனுக்கு அவளுடைய கை தெரியாது. நிருஷனுக்குத் தெரிந்தது.

“அக்கா, கை நிக்குது.”

“சத்தம் நிக்கவேணுமெண்டு நீதானே சொன்னனீ?”

“சத்தம்தான் நிக்கவேணும். கை நிக்கக்கூடாது. இடக்கை விரலைத் தளத்துங்கோ, எடுக்காதேங்கோ, கம்பியிலயே கிடக்கட்டும். வலக்கை மேலயும் கீழயும் போய்க்கொண்டே இருக்கட்டும். அப்ப ‘சக்’ எண்டு ஒரு செத்த சத்தம் வரும். அதுவும் தாளம்தான்.”

“செத்த சத்தத்தையும் எண்ணவேணுமோ?”

“அதை எண்ணாட்டி மற்றது ஓடாது. நடையைப் பாருங்கோ. ஒண்டு நீளம், ஒண்டு கட்டை. நீளம், கட்டை. எங்கட மாமா பொய்க்காலோட நடக்கிறவரெல்லோ, அப்பிடி.”

“உன்ர மாமா கேட்டால் செருப்பால தருவார்.”

“அவரே சொன்னவர் அக்கா. ‘என்ர நடையைத்தான்டா வாசிக்கிறாய்’ எண்டு.”

ஒரு புதன்கிழமை பாஸ்டரும் வந்து வாசலில் நின்று கேட்டார்.

“நிருஷன், இது ஆண்டவருக்கோ?”

“இல்லை பாஸ்டர். ப்ளூஸ்.”

“கேக்க நெஞ்சு பாரமாயிருக்கு. ஞாயிற்றுக்கிழமை இதை வாசிச்சுப் போடாதை மகன்.”

அவர் போனதும் தேனுகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இதே சத்தத்தை அவள் பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் இருந்து வாசித்தபோதுதான், வேலிக்கு அப்பால் இருந்த கமலாட்சி, ‘ஐயாத்துரை அண்ணை வீட்டில ஜெபம் நடக்குது’ என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். அந்தப் பக்கத்தில் கிற்றார் சத்தம் கேட்டால் ஜெபம்தான். வேறு எதற்கும் ஒருவரும் கிற்றார் வைத்திருந்ததில்லை. கமலாட்சி சொன்னது கோவில் நிர்வாகத் தலைவர் செல்வராசாவிடம் போனது. ஐந்தாம் திருவிழாவைக் கேட்டுக்கொண்டு வேறு இரண்டு வீட்டார் ஏற்கெனவே நின்றார்கள்.

சிவகரன் கோபித்துக்கொண்டு போன அந்த வியாழக்கிழமை, பொழுதுபட முன் ஐயாத்துரை வயலால் வந்தார். கோடைப் பயிரான சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் எல்லாக் காணிக்கும் காணாது. அதனால் இருக்கிற தண்ணீருக்கு அளவாகக் காணியைத் துண்டாக்கிப் பங்குபோட்டுக் கொடுப்பார்கள். வருடத்துக்கு வருடம் பங்கு இடம் மாறும். இந்த முறை அவருக்கு விழுந்தது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துத் துண்டு. தூரம் என்று புறுபுறுத்துக்கொண்டே போய்வந்தார்.

கிணற்றடியில் கால் கழுவிவிட்டு வந்து விறாந்தைக் கட்டின்மேல் குந்தினார்.

“வாசிக்கிறதெண்டால் வாசி பிள்ளை. விளக்கு வைக்க முதல் முடி.”

“கமலாட்சி அன்ரி வேலியில நிக்கிறா.”

“நிக்கட்டும். அவவுக்கும் பொழுது போகவேணும்.”

அவள் வாசித்தாள். நீளம், கட்டை. டி மைனருக்குப் போய்த் திரும்பினாள். ஐயாத்துரை துவாயால் கழுத்தைத் துடைத்தபடி கேட்டார்:

“இடைக்கிடை நிப்பாட்டுறாய். ஏன்?”

“நிப்பாட்டேல்லை அப்பா. கை ஓடுது. சத்தத்தை மட்டும் எடுக்கிறது.”

“சத்தம் இல்லாட்டிலும் ஆள் அங்க இருக்கு எண்டு சொல்லு.”

அவள் வாசிப்பதை நிறுத்தினாள்.

“அப்பா, நாளைக்கு…”

“நாளைக்கு நீ ஒண்டும் யோசிக்காதை. செல்வராசா சொல்லுறதைத் திருப்பிச் சொன்னால் காணும்.”

“அதில்லை. அந்த வாசல் எண்டு அவை சொல்லுறது…”

“போன வருசம் ஐயர் அம்மான்ர பேரைச் சொல்லேக்க மணி அடிச்சிட்டாங்கள். வடிவாக் கேக்கேல்லை. இந்த முறை மணியடிக்கிற பெடியளுக்கு முதலே சொல்லிவைக்கவேணும்.”

“அப்பா, ஒருக்கா நான் சொல்லுறதைக் கேளுங்கோவன்.”

“விளக்கை வை பிள்ளை. இருட்டுப்படுது.”

அவர் எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமைப் பூசைக்கு வழமையைவிடக் கூட்டம். திருநீறு கொடுத்து முடித்ததும் ஐயர், “உங்கட சத்தியத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை, நான் நடை சாத்துறன்” என்று உள்ளே போய்விட்டார். செல்வராசா வாசற்படியில் ஒரு வெற்றிலையை விரித்து, அதில் கற்பூரத்தை வைத்தார்.

“கோவிக்காதை பிள்ளை. எனக்கு உங்கட வீட்டோட ஒரு கோவமும் இல்லை. கதை ஒண்டு வந்தால் தீக்கத்தானே வேணும்.”

“கதை ஆரால வந்தது எண்டும் தீக்கலாமே” என்றான் சிவகரன்.

“என்னைப் பாக்காதை தம்பி” என்றாள் கமலாட்சி. “கிற்றார் அடிக்கிற வீட்டில ஞாயிற்றுக்கிழமை என்ன நடக்குமெண்டு எங்களுக்குத் தெரியாதே?”

“எங்கட வீட்டில ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி நடக்குது அன்ரி. மணம் வரேல்லையோ?”

சிரிப்பு எழுந்து அடங்கியது. ஐயாத்துரை சிரிக்கவில்லை. வெள்ளை வேட்டியும் தோளில் சால்வையுமாக மகளுக்குப் பக்கத்தில் நின்றார். செல்வராசா கற்பூரத்தைக் கொளுத்தினார்.

“சொல்லு பிள்ளை. ‘நான் ஜெபக்கூடத்து வாசல் மிதிக்கேல்லை.’”

தேனுகாவின் வலதுகை முன்னே வந்தது. சுவாலைக்கு மேலே நின்றது. சிவகரன் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“நான் ஜெபம் பண்ணேல்லை” என்றாள் அவள். “ஆனால்…”

அந்தச் சொல் முடியவில்லை. ஐயாத்துரையின் கை அவளுடைய கையைத் தள்ளிக்கொண்டு வந்து கற்பூரத்தில் விழுந்தது. படியில் அறைந்த சத்தம் கேட்டது.

“என்ர மகள் அந்த வாசல் மிதிக்கேல்லை. பிள்ளையாராணை.”

கையை அவர் உடனே எடுக்கவில்லை. சுவாலை செத்த பிறகும் அழுத்திக்கொண்டு நின்றார்.

“பிள்ளையெல்லோ அணைக்கவேணும் அண்ணை” என்றார் செல்வராசா, தயங்கி.

“தகப்பன் அணைச்சால் காணாதோ?”

“காணும் காணும். உங்கட கைக்கு மிஞ்சி என்ன இருக்கு? ஐஞ்சாம் திருவிழா உங்கடதுதான். ஆரும் இனி இதைப் பற்றிக் கதைக்கக்கூடாது.”

கூட்டம் கலையத் தொடங்கியது. கமலாட்சி மட்டும் நின்றாள்.

“என்ன பிள்ளை, ‘ஆனால்’ எண்டு ஏதோ சொல்ல வந்தனீ?”

தேனுகா தகப்பனைப் பார்த்தாள். அவர் கையைச் சால்வைக்குள் வைத்திருந்தார். இப்போது அவள் உண்மையைச் சொன்னால், பிள்ளையாருக்கு முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவர் அவர்.

“ஒண்டுமில்லை அன்ரி” என்றாள்.

மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும் சிவகரனுக்கு வாய் வந்தது.

“பாத்தியோ? முடிஞ்சுது. சும்மா கிடந்து பயந்தனி. அப்பா, நீங்கள் ஆள்தான்! இருங்கோ, நான் போய் கொத்துரொட்டி வாங்கிக்கொண்டு வாறன்.”

“வெள்ளிக்கிழமையடா” என்றார் ஐயாத்துரை.

“மரக்கறிக் கொத்து அப்பா!”

மோட்டார் சைக்கிள் படலையைத் தாண்டிப் போனது. ஐயாத்துரை கிணற்றுக் கட்டின்மேல் குந்தி, வாளித் தண்ணீருக்குள் கையை விட்டிருந்தார். தேனுகா ஒரு கத்தாழை மடலை வெட்டிக்கொண்டு வந்தாள்.

“காட்டுங்கோ.”

“ஒண்டுமில்லை. கொஞ்சம் கண்டிப்போச்சு.”

“காட்டுங்கோ அப்பா.”

உள்ளங்கை நடுவில் தோல் வெள்ளையாக எழும்பி இருந்தது. அவள் கத்தாழையைத் தடவினாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

“அப்பா, நான் அங்க போனனான். புதன்கிழமையளில. இது பழகத்தான்.”

“தெரியும்.”

அவளுடைய கை நின்றது.

“ஆர் சொன்னது?”

“ஆர் சொல்லவேணும்? இந்தச் சிறுபோகம் எங்கட பங்கு எங்க விழுந்தது? வாய்க்கால் கதவு ஜெபக்கூடத்து வேலிக்குப் பின்னாலதானே. புதன்கிழமை பின்னேரம் எங்கட முறைத் தண்ணி. கதவைத் திறந்துவிட்டிட்டு நான் வரம்பில குந்தியிருப்பன். உன்ர சைக்கிள் வேலியில சாத்திக் கிடக்கும்.”

“எத்தினை நாளா?”

“துவக்கத்திலயிருந்து. அந்தப் பெடியன் ‘கை நிக்குது, கை நிக்குது’ எண்டு கத்துறது எனக்கும் கேக்கும். பிறகு அவன் கத்துறதை விட்டிட்டான். பிள்ளைக்கு வந்திட்டுது எண்டு நினைச்சனான்.”

“ஏன் அப்பா என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை?”

“கேட்டால் நீ விட்டிருப்பாய்.”

கத்தாழை அவளுடைய விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

“தெரிஞ்சுகொண்டு பிறகு ஏன் கூட்டத்தில சத்தியம் எண்டு எழும்பிச் சொன்னனீங்கள்?”

“ஐஞ்சாம் நாளை வேற ஆக்களுக்குக் குடுக்கப்போறம் எண்டு செல்வராசா சொன்னதும் வாய் முந்தீட்டுது. நீ சிவகரன்ர சொல்லைக் கேட்டு அணைச்சிடுவாய், பாவம் என்ர தலையில வரட்டும் எண்டு பிள்ளையாரிட்டைக் கேட்டுக்கொண்டுதான் வந்தனான். அங்க நீ ‘ஆனால்’ எண்டு துவங்கினாய்.”

“சொல்ல விட்டிருக்கலாமே.”

“விட்டிருந்தால் அம்மான்ர பேரை இனி ஆர் பிள்ளை சொல்லுறது?”

வேலிக்கு அப்பால் கமலாட்சியின் வீட்டில் குக்கர் கூவியது. ஐயாத்துரை கையை மகளிடம் இருந்து மெல்ல இழுத்து, தன் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டார்.

“சங்கற்பத்துக்கு முதல் ஐயர் தர்ப்பை போட வலக்கையைத்தான் நீட்டச் சொல்லுவார். இந்தக் கையை. நீட்டினாப்பிறகுதான் பேர் சொல்லத் துவங்குவார்.”

“இந்த முறை அண்ணா போடட்டும்.”

“அவனுக்கும் அது பொய்யெண்டு தெரியும்தானே.”

“அப்ப நான்…”

“நீயும் ‘ஒண்டுமில்லை’ எண்டு சொன்னனி பிள்ளை.”

தேனுகா எழுந்து நின்றாள். விறாந்தையில் கிற்றார் சுவரோடு சாய்ந்திருந்தது. அதில் புறாவின் ஒற்றைச் செட்டை. கிற்றாரை எடுத்து உள்ளே வைப்பதா, அங்கேயே விடுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஐயாத்துரை மடியில் கிடந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவளைப் பார்க்காமல் கேட்டார்:

“அவளின்ர பேரைச் சொல்ல நான் இந்தக் கையை எப்பிடிப் பிள்ளை நீட்டுறது?”